ரெவிட்டுக்கு எந்த ப்ராசஸர்? ரிச்சி தெருவில் 28 கோர் ஜியான் காட்டுகிறார்கள், வாங்கலாமா?

திருச்சி_வரைபலகை | 2025 ஜூன் 9, இரவு 10.40

அனைவருக்கும் வணக்கம். நானும் இரண்டு இளையவர்களுமாகத் திருச்சியில் சிறிய கட்டட வடிவமைப்பு அலுவலகம் நடத்துகிறோம். இதுவரை வீடுகள், ஒரு கல்யாண மண்டபம். இப்போது முதல் முறையாக 60 படுக்கை மருத்துவமனை ஒன்று வந்திருக்கிறது. அந்த மருத்துவமனை முதலில் படுக்க வைத்தது என் கணினியைத்தான்.

2017இல் வாங்கிய ஐ5-7400, 16 ஜிபி நினைவகம். கட்டட மாதிரிக்கு ரெவிட் 2024, வரைபடங்களுக்கு ஆட்டோகேட், உரிமையாளர்களுக்குக் காட்சியாக்கிக் காட்டுவதற்கு லூமியன். ஒரு சுவரைப் பிடித்து அரையடி நகர்த்தினால் சக்கரம் சுற்றத் தொடங்குகிறது. நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ஒன்றரை லட்சம் வரை செலவழிக்கலாம். நேற்று சென்னைக்குப் போன இடத்தில் ரிச்சி தெருவில் ஒரு கடையில் பயன்படுத்திய ஒர்க்ஸ்டேஷன் காட்டினார்கள். இன்டெல்லின் சர்வர் வகை ப்ராசஸரான ஜியான் இ5-2680 வி4 இரண்டு, மொத்தம் 28 கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் மூளைகள்), 56 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்), 64 ஜிபி நினைவகம். நான் நினைத்திருந்த தொகையில் பாதிகூட இல்லை. கடைக்காரர் கணினியின் வேலைச்சுமையைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். திரை முழுக்கக் குட்டிக் குட்டிக் கட்டமாக 56 பெட்டிகள். மனம் மயங்கியது உண்மை. முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கலாமா?

---

கொத்தனார்_பேரன் | 2025 ஜூன் 9, இரவு 11.15

கொடுக்காதீர்கள் சார்.

கான்கிரீட் இறுக 28 நாள் ஆகும் என்பது எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டிய விஷயம். 28 சித்தாள்களை வைத்தால் ஒரே நாளில் இறுகிவிடுமா? ரெவிட்டில் பெரும்பாலான வேலை அந்த வகை. நீங்கள் சுவரை அரையடி நகர்த்துகிறீர்கள். அதில் பதிந்த ஜன்னல் நகர வேண்டும். சுவரின் மூலை அடுத்த சுவரோடு சேரும் இடத்தை மறுபடி கணக்கிட வேண்டும். அது முடிந்தால்தான் அறையின் எல்லை தெரியும்; எல்லை தெரிந்தால்தான் பரப்பளவு; பரப்பளவு வந்தால்தான் அட்டவணையில் எண் மாறும். ஒன்றின் விடைக்காக அடுத்தது காத்திருக்கும் சங்கிலி இது. இதை 28 கோருக்குப் பங்கு பிரித்துக் கொடுக்க வழியில்லை. ஒரு கோர் மூச்சு வாங்க ஓடும், 27 கோர் நிழலில் உட்கார்ந்திருக்கும்.

கணினித் துறையில் இதை 1967லேயே ஜீன் அம்டால் என்பவர் சொல்லிவிட்டார். ஒரு வேலையில் பத்தில் ஏழு பங்கை வரிசையாகத்தான் செய்ய முடியும் என்றால், ஆயிரம் கோர் போட்டாலும் ஒன்றரை மடங்கு வேகம்கூடக் கிடைக்காது.

அடுத்தது, அந்த ஜியான் 2016இல் வந்தது. அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், முழு மூச்சில் 3.3. கிகாஹெர்ட்ஸை மட்டும் வைத்துத் தலைமுறை விட்டுத் தலைமுறை ஒப்பிடவும் கூடாது, ஏனென்றால் ஒரே துடிப்பில் இன்றைய கோர் செய்யும் வேலை அன்றைய கோரைவிட அதிகம். 2022இல் வந்த நான்கு கோர் ஐ3-12100, ரெவிட்டில் மாதிரியை நகர்த்தித் திருத்தும் வேலையில் உங்கள் 28 கோரை எளிதாகத் தாண்டும். கடைக்காரர் 56 கட்டம் காட்டினார் அல்லவா? ரெவிட்டைத் திறந்து ஒரு சுவரை நகர்த்தச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு கட்டம் மட்டும் நிமிர்ந்திருக்கும். 56இல் ஒன்று, இரண்டு விழுக்காடுகூட இல்லை.

---

கதிர்_ரெண்டர் | 2025 ஜூன் 10, காலை 7.05

பேரன் சொல்வது வரைபவர்களுக்குச் சரி. என்னைப் போல ரெண்டர் (மாதிரியை நிஜம் போன்ற படமாக்குவது) மட்டுமே செய்து பிழைப்பவர்களை மறந்துவிட்டார். நான் கொரோனாவில் வேலை செய்கிறேன் (மென்பொருளைச் சொல்கிறேன், அந்த நோய்க்குப் பல ஆண்டுகள் முன்பே வந்தது, 2020இல் வாடிக்கையாளர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைத்த அனுபவத்தைத் தனி இழையாகவே எழுதலாம்). அது முழுக்க ப்ராசஸரில் ஓடுவது. படத்தின் ஒரு புள்ளிக்கும் இன்னொரு புள்ளிக்கும் சம்பந்தமில்லை; 28 அறைக்கு 28 பேர் ஓடு பதிப்பது போல. கோர் எத்தனை இருந்தாலும் தின்றுவிடும். வி-ரே என்ற இன்னொரு ரெண்டர் மென்பொருளை ப்ராசஸரில் ஓட்டினாலும் இதே கதைதான். பழைய ஜியானைக் குப்பை என்று ஒரே வரியில் தள்ளுவதை நான் ஏற்கமாட்டேன்.

---

கொத்தனார்_பேரன் | 2025 ஜூன் 10, காலை 8.30

குப்பை என்று நான் சொல்லவில்லை. இடம் மாறினால் பயன்படும். ஆனால் கேள்வி கேட்டவர் லூமியன்காரர். லூமியன், என்ஸ்கேப், டி5, ட்வின்மோஷன் ஆகிய நான்கு காட்சி மென்பொருள்களும் கிராபிக்ஸ் கார்டில் ஓடுபவை. அவருக்கு 28 கோரால் ரெவிட்டிலும் பயனில்லை, லூமியனிலும் பயனில்லை.

உங்களுக்கே கேட்கிறேன்: ஏஎம்டியின் 16 கோர் ரைசன் 9 9950எக்ஸ் ஒன்று அந்த இரண்டு ஜியானையும் சேர்த்துத் தாண்டிவிடும்போது, மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு விமானம் கிளம்புவது போல இரைகிற பெட்டியை எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்?

---

கதிர்_ரெண்டர் | 2025 ஜூன் 10, காலை 8.41

9950எக்ஸ் விலையை நீங்கள் கட்டினால் நாளைக்கே மாற்றிவிடுகிறேன்.

---

பனங்கூடல் | 2025 ஜூன் 10, காலை 9.20

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இன்ரெல்லா, ஏஎம்டியா என்று சண்டை பிடிக்க முதல் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள் ஐயா. இரண்டு நாளைக்கு மேசையில் ஒரு கொப்பி வையுங்கள். கணினி உங்களைக் காக்கவைக்கும் ஒவ்வொரு முறையும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எத்தனை விநாடி, அந்த நேரம் ராஸ்க் மனேஜரில் ப்ராசஸர், நினைவகம், டிஸ்க் எவ்வளவு என்று எழுதுங்கள். உங்களுடையது நாலு கோர், நாலு த்ரெட். ஒரு கோர் முழுதாக வேலை செய்தால் 25 வீதம் என்று காட்டும். 25இல் ஒட்டிக்கொண்டு நின்றால் ஒற்றைக் கோர் வேகம்தான் குறை. 100 என்றால் கோர் எண்ணிக்கை போதாது. ப்ராசஸர் 10 வீதத்தில் சும்மா இருக்க நீங்கள் காத்திருந்தால், நோய் வேறு இடத்தில்.

எங்கள் அலுவலகத்தில் இப்படி எழுதிப் பார்த்துத்தான், வாங்க நினைத்திருந்த இரண்டு கணினியில் ஒன்றை வாங்காமல் விட்டோம்.

---

திருச்சி_வரைபலகை | 2025 ஜூன் 12, இரவு 9.55

எழுதினேன். ஒன்றரைப் பக்கம் நிறைந்துவிட்டது. முக்கியமானவற்றை மட்டும் தருகிறேன்.

மருத்துவமனைக் கோப்பு 310 எம்பி. காலையில் திறக்க 4 நிமிடம் 20 விநாடி; ப்ராசஸர் 30 விழுக்காட்டைச் சுற்றி, டிஸ்க் 100. தரைத்தளப் படத்திலிருந்து வெட்டுப்படத்துக்கு மாற 14 விநாடி. ப்ராசஸர் 25, அசையவே இல்லை. சுவரை நகர்த்த 9 விநாடி, அதுவும் 25. மாலையில் 42 தாள்களைப் பிடிஎஃப் ஆக்க 19 நிமிடம். 25க்கும் 60க்கும் இடையே ஏறி இறங்கியது. மூவரும் பகிரும் மையக் கோப்போடு ஒத்திசைக்க 3 நிமிடத்துக்கு மேல். ப்ராசஸர் வெறும் 8! நினைவகம் நாள் முழுக்க 15.6 / 16. லூமியன் நடைபாதைக் காணொளியை இரவில் போட்டுவிட்டுப் போனேன், காலையில் பார்த்தால் பாதியில் நின்றிருந்தது. கிராபிக்ஸ் கார்டு 4 ஜிபி.

25 என்ற எண்ணைப் பார்த்தபோதெல்லாம் பேரன் சொன்ன சித்தாள்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். மூன்று பேர் பீடி பிடிக்கிறார்கள், ஒருவர் மட்டும் மண் சுமக்கிறார்.

---

கொத்தனார்_பேரன் | 2025 ஜூன் 12, இரவு 11.30

அருமையான குறிப்பு சார். இந்த ஒன்றரைப் பக்கம், கடையில் காட்டும் எந்த மதிப்பெண் அட்டவணையைவிடவும் மேல்.

முதலில் நினைவகம். 16இல் 15.6 என்றால், இடம் போதாமல் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் இறக்கி ஏற்றிக்கொண்டிருக்கிறது. காலையில் டிஸ்க் 100 காட்டியதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. ஆட்டோடெஸ்க்கின் வழிகாட்டியே 16 ஜிபி என்பது சுமார் 100 எம்பி மாதிரி வரைக்கும், 32 ஜிபி சுமார் 300 எம்பி வரைக்கும் என்கிறது. உங்களுடையது இப்போதே 310, இன்னும் குழாய், மின்சாரப் படங்கள் வந்து சேரவில்லை. 64 ஜிபி வாங்குங்கள். ஆனால் இரண்டு 32ஆக வாங்குங்கள், நான்கு 16ஆக வேண்டாம். டிடிஆர்5 வகை நினைவகத்தில் நான்கு துளையையும் நிரப்பினால் வேகம் இறங்கிவிடும். ரைசனுக்கு ஏஎம்டி உறுதியளிக்கும் வேகமே அப்போது 3600தான். கடைக்காரர் "நான்கு போட்டால் அழகாக ஒளிரும் சார்" என்பார். ஒளிரட்டும், வேண்டாம்.

இரண்டாவது, வெட்டுப்படமும் சுவரும். அசையாத 25, சுத்தமான ஒற்றைக் கோர் நோய். ப்ராசஸர் வாங்க வேண்டியது இதற்காகத்தான். நியாயமாகச் சொன்னால் ரெவிட் எல்லாவற்றையும் ஒற்றைக் கோரில் செய்வதில்லை. கோப்பைத் திறப்பது, அச்சுக்கு அனுப்புவது, சுவர் இணைப்புகளை வரைவது போன்றவற்றில் சில கோர்களைச் சேர்த்துக்கொள்ளும். உங்கள் பிடிஎஃப் 60 வரை ஏறியது அதனால்தான். எனவே நான்கு கோர் குறைவு. ஆறு போதும், எட்டு வசதி. எட்டுக்கு மேல் கொடுக்கும் பணம் ரெவிட்டில் திரும்பி வராது. அந்தப் பணத்தை கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள், லூமியன் நன்றி சொல்லும். 4 ஜிபியில் மருத்துவமனையை மரம் செடியோடு ஏற்றினால் நிற்காமல் என்ன செய்யும்?

மூன்றாவதுதான் எனக்குச் சுவையாக இருக்கிறது. ஒத்திசைக்க 3 நிமிடம், ப்ராசஸர் 8. இதற்கு எந்த ப்ராசஸரும் மருந்தல்ல. உங்கள் மையக் கோப்பு எங்கே இருக்கிறது?

---

திருச்சி_வரைபலகை | 2025 ஜூன் 13, காலை 6.50

வரவேற்பறை மேசையில் இருக்கும் பழைய கணினியில். சாதாரண ஹார்டு டிஸ்க். நாங்கள் மூவரும் வைஃபையில்தான் எடுக்கிறோம்.

---

பனங்கூடல் | 2025 ஜூன் 13, காலை 7.10

அப்ப விளங்குது ஐயா. 😀

(எழுத்துத் தமிழ்க்காரர்கள் மன்னிக்கவும், தானாக வந்துவிட்டது.) மையக் கோப்பை ஒரு எஸ்எஸ்டிக்கு மாற்றி, மூவருக்கும் கேபிள் இழுங்கள். கிகாபிட் சுவிட்ச் ஒன்று போதும். இன்னொன்று: நில அளவையாளர் தந்த ஆட்டோகேட் படத்தை ரெவிட்டுக்குள் இறக்குமதி செய்து வைத்திருக்கிறீர்களா, இணைப்பாக வைத்திருக்கிறீர்களா? இறக்குமதி செய்து வெடிக்கவைத்த படம் ஒன்று எங்கள் கோப்பில் ஆயிரக்கணக்கான கோடுகளாகச் சிதறிக் கிடந்தது. எடுத்தெறிந்த பிறகு பழைய கணினியே நிமிர்ந்து உட்கார்ந்தது.

---

சூடான_பெட்டி | 2025 ஜூன் 13, பிற்பகல் 2.15

ஒற்றைக் கோர்தான் முக்கியம் என்றால் ஐ9-14900கே வாங்கிவிட வேண்டியதுதானே? 6 கிகாஹெர்ட்ஸ். பட்டியலில் அதைவிடப் பெரிய எண் எதுவும் கண்ணில் படவில்லை.

---

கொத்தனார்_பேரன் | 2025 ஜூன் 13, மாலை 6.40

எண் பெரியதுதான். அதை எட்ட 253 வாட் வரை இழுக்கும். திருச்சியில் மே மாதம், ஏசி இல்லாத அறை, பெட்டிக்குள் தூசு. அங்கே அந்த 6 கிகாஹெர்ட்ஸ் எத்தனை விநாடி நிற்கும்? சூடு ஏறியதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்சாரம் போனால் அலுவலகத்தில் இருக்கும் சின்ன யுபிஎஸ் அதைத் தாங்குமா என்பதையும் பாருங்கள்.

இன்னொரு விஷயம் ஊரறிந்தது. 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினி ப்ராசஸர்களில் மின்னழுத்தம் அளவுக்கு மீறிப் போய், நாளடைவில் நிலைகுலையும் கோளாறு இருப்பதை 2024இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. ப்ராசஸருக்குள் ஓடும் நிரலுக்கு (மைக்ரோகோட்) திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. புதிய பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) ஏற்றிய தாய்ப்பலகையில் ஓட்டினால் பயப்பட வேண்டியதில்லை என்பவர்கள் உண்டு. யாரோ எவ்வளவு நாள் எப்படி ஓட்டினார்கள் என்று தெரியாத பயன்படுத்திய ஐ9ஐ மட்டும் நான் தொடமாட்டேன்.

ஒற்றைக் கோரில் 14900கேவுக்கும் 65 வாட் ரைசன் 7 9700எக்ஸுக்கும் இருக்கும் வித்தியாசத்தை, சுவரை நகர்த்தும்போது கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. 9700எக்ஸ் எட்டு கோர், 5.5 கிகாஹெர்ட்ஸ் வரை. அது பொருந்தும் ஏஎம்5 வகைத் தாய்ப்பலகையை 2027 வரையும் அதற்குப் பிறகும் ஆதரிப்போம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது, அதனால் மூன்று ஆண்டு கழித்து ப்ராசஸரை மட்டும் மாற்ற வாய்ப்புண்டு. இன்டெல்தான் வேண்டும் என்றால் கோர் அல்ட்ரா 7 265கே நல்லது, குறை சொல்ல மாட்டேன். ரைசன் 7 9800எக்ஸ்3டி பற்றி யாராவது கேட்பதற்கு முன்பே: அது விளையாட்டுக்காரர்களுக்கு.

---

மூன்றாம்_ஆண்டு_மாணவி | 2025 ஜூன் 13, இரவு 8.05

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் அண்ணா. எனக்கு மடிக்கணினிதான் முடியும். ஐ7 என்று போட்டிருந்தால் போதுமா? தோழி மேக்புக் வாங்கச் சொல்கிறாள்.

---

கொத்தனார்_பேரன் | 2025 ஜூன் 13, இரவு 8.50

மேக்கில் ரெவிட் கிடையாதம்மா. ஆர்க்கிகேட், ஸ்கெட்ச்அப், மேக்குக்கான ஆட்டோகேட் மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். கல்லூரியில் எது கேட்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.

ஐ7 என்ற பெயரை நம்பாதீர்கள், அதன் வால் எழுத்தைப் பாருங்கள். யு என்று முடிந்தால் பேட்டரி நீடிக்கச் செய்தது. எச் அல்லது எச்எக்ஸ் என்று முடிவதை எடுங்கள். ஸ்னாப்டிராகன் போட்ட மெல்லிய மடிக்கணினிகள் கடையில் அழகாக இருக்கும்; அவற்றில் இருக்கும் ஏஆர்எம் வகை ப்ராசஸர்களை விண்டோஸ் ஆட்டோகேட் ஆதரிப்பதில்லை என்று ஆட்டோடெஸ்க்கே எழுதியிருக்கிறது. நினைவகத்தைப் பிறகு கூட்ட இடமிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மற்றதற்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். (ப்ராசஸர் பேச்சில் த்ரெட்டும் இழைதான், மன்றத்திலும் இழைதான். ஒரே சொல்லை எத்தனை பேருக்குத்தான் கொடுப்பது!)

---

திருச்சி_வரைபலகை | 2025 ஜூன் 16, இரவு 9.30

ஜியானை விட்டுவிட்டேன். கடைக்காரரிடம் விண்டோஸ் 11 ஏறுமா என்று கேட்டேன். "ஏற்றித் தருகிறோம் சார்" என்றார். மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் அந்த ப்ராசஸர் இருக்கிறதா என்று கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிகிறது. என் பழைய ஐ5-7400உம் பட்டியலில் இல்லை. மருத்துவமனை அடுத்த ஆண்டு வரை நீளும்.

வேறொரு கடையில் சொல்லிவிட்டேன். 9700எக்ஸ், பி650 பலகை, இரண்டு 32 ஜிபி டிடிஆர்5 6000, 1 டிபி எஸ்எஸ்டி, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி, 650 வாட் பவர் சப்ளை. ஜிஎஸ்டியோடு ஒன்றரை லட்சத்துக்குள் அடங்குகிறது. பில் இல்லாமல் குறைத்துத் தருவதாகவும் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். உள்ளீட்டு வரிக் கடன் எடுக்க வேண்டும், உத்தரவாதத்துக்கும் பில் வேண்டும்.

---

கொத்தனார்_பேரன் | 2025 ஜூன் 16, இரவு 10.10

நல்ல கலவை. இரண்டு எச்சரிக்கை: 9700எக்ஸ் பெட்டியில் விசிறி வராது, தனியாக வாங்க வேண்டும். பி650 பலகை 2022இல் வந்தது, பழைய சரக்காக இருந்தால் 9000 வரிசையை அடையாளம் தெரியாமல் விழிக்கும். கடையிலேயே பயாஸைப் புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள்.

---

திருச்சி_வரைபலகை | 2025 ஜூன் 24, இரவு 8.12

அவசரம். பெட்டி வந்துவிட்டது. சுவிட்சைப் போட்டேன், விசிறி சுற்றுகிறது, திரை கருப்பு. இரண்டு நிமிடமாக எதுவும் இல்லை. பலகையில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிகிறது. அணைத்துப் போடட்டுமா?

---

பனங்கூடல் | 2025 ஜூன் 24, இரவு 8.14

அணைக்காதீர்கள்!! மஞ்சள் விளக்குக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது?

---

திருச்சி_வரைபலகை | 2025 ஜூன் 24, இரவு 8.15

டிராம் என்று.

---

பனங்கூடல் | 2025 ஜூன் 24, இரவு 8.16

அப்படியென்றால் விடுங்கள். ஏஎம்5 பலகை முதல் தடவை டிடிஆர்5 நினைவகத்தோடு பழகிப் பார்க்கும். 64 ஜிபி என்றால் சில நிமிடம் எடுக்கும். கை வைக்காமல் ஒரு தேத்தண்ணி குடியுங்கள்.

---

திருச்சி_வரைபலகை | 2025 ஜூன் 24, இரவு 8.21

வந்துவிட்டது. உயிரும் வந்துவிட்டது.

---

கொத்தனார்_பேரன் | 2025 ஜூன் 24, இரவு 9.00

பயாஸுக்குள் போய், நினைவகத்தை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ என்பதை இயக்கினீர்களா? டாஸ்க் மேனேஜரில் நினைவகத்தின் வேகம் என்ன காட்டுகிறது?

---

திருச்சி_வரைபலகை | 2025 ஜூன் 24, இரவு 9.25

4800 என்று காட்டியது. நீங்கள் சொன்னதை இயக்கியதும் 6000. மறுபடி கருப்புத் திரை, இந்த முறை பயப்படவில்லை. இரவு முழுக்க நினைவகச் சோதனை ஓட விடுகிறேன்.

---

திருச்சி_வரைபலகை | 2025 ஜூலை 8, இரவு 10.05

அதே கொப்பி, அதே கோப்பு (இப்போது 340 எம்பி). திறக்க 1 நிமிடம் 25 விநாடி. வெட்டுப்படத்துக்கு மாற 5 விநாடி. சுவர் 4 விநாடி. பிடிஎஃப் 42 தாள் 7 நிமிடம். நினைவகம் 27 ஜிபி வரை போகிறது, 32 வாங்கியிருந்தால் அடுத்த மாதமே மூச்சு முட்டியிருக்கும். லூமியன் காணொளி இரவைத் தாண்டாமல் முடிகிறது. நில அளவைப் படத்தை இறக்குமதியிலிருந்து எடுத்துவிட்டு இணைப்பாக வைத்தேன். அதற்குப் பிறகு இளையவர்களின் பழைய கணினிகளில்கூட முணுமுணுப்பு குறைந்திருக்கிறது. இதில் எத்தனை பங்கு ப்ராசஸரால், எத்தனை பங்கு பனங்கூடல் ஐயாவின் கொப்பியால் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஒத்திசைவு மட்டும் இன்னும் இரண்டே முக்கால் நிமிடம். மையக் கோப்பு இன்னும் வரவேற்பறையில், வைஃபையில்தான் இருக்கிறது. கேபிள் இழுக்கும் ஆள் மூன்று முறை நாள் சொல்லி வரவில்லை. சனிக்கிழமை நிச்சயம் என்கிறார்.